வான்கோழி ஈரலில் வெள்ளைக் கட்டிகள்: கருந்தலையா, காசமா, மாரெக்கா?

தோப்புக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் எங்கள் தென்னந்தோப்பு. கஜா புயலில் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்திய இடத்தில் கொட்டகை போட்டு வான்கோழி வளர்க்கிறோம். ஆனியில் ஒருநாள் குஞ்சாக இறக்கியவை. இப்போது புரட்டாசி முடியப்போகிறது. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணிப் பக்கம் கொடுக்கலாம் என்று கணக்கு.

கொஞ்ச நாளாக ஒன்றிரண்டு செத்துக்கொண்டே இருக்கின்றன. கூட்டமாகச் சாகவில்லை. காலையில் திறந்துவிட்டால் சில மட்டும் பின்தங்கி நிற்கும், இறக்கை தொங்கும், தீவனத் தட்டு வரை வரும், ஆனால் கொத்தாது. சில மெலிந்து சாகின்றன. சில நல்ல சதைப்பிடிப்போடு இருக்கும்போதே விழுந்துவிடுகின்றன. நேற்று செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தோம். ஈரல் வழக்கத்தைவிட இரண்டு பங்கு பெரிது. மேலே மொச்சைக்கொட்டை அளவில் வெளுத்த கட்டிகள். மண்ணீரலும் பெருத்திருந்தது. மருந்துக்கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக், ஈரல் டானிக் எல்லாம் தண்ணீரில் கலந்து கொடுத்தாயிற்று. பலன் இல்லை. என்ன நோய், என்ன மருந்து?

வரப்புமேடு:

கருந்தலை நோய்தான் அண்ணே, சந்தேகமே வேண்டாம். வான்கோழிக்கு ஈரல் கெட்டால் அதுதான். குப்பைமேனி, கீழாநெல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம் நான்கையும் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் கோழிகளுக்கு அம்மை வந்தபோது இதுதான் காப்பாற்றியது.

லேயர்_நாமக்கல்:

ஈரலில் கட்டி என்றாலே மாரெக், அதாவது கோழிக்குக் கட்டி உண்டாக்கும் வைரஸ் நோய், என்று இங்கே ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், இது மாரெக் இல்லை. மாரெக் வந்த கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிடும், தொடை நரம்பு தடித்திருக்கும். தோப்புக்காரர் முடக்கம் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தவிர, மாரெக் தடுப்பூசியே வான்கோழியிடம் இருக்கும் வைரஸில் செய்வதுதான். வான்கோழிக்கே மாரெக் எப்படி வரும்?

ஓய்வு_கால்நடை:

மூன்று பேரும் கொஞ்சம் பொறுங்கள்.

வரப்புமேடு தம்பி சொல்லும் கருந்தலை நோயை முதலில் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஈரல் வேறு மாதிரி இருக்கும். கருந்தலையில் ஈரலில் வட்ட வட்டமாகப் புண் விழும். நடுவில் குழிந்து, ஓரம் மட்டும் மேடு கட்டியிருக்கும். திசு செத்துப்போவதால் வரும் புண் அது. கூடவே குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு குருட்டுக்குடல்களையும் பார்க்க வேண்டும். சுவர் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டியாக இறுகிய பொருள் அடைத்திருந்தால் கருந்தலை. குருட்டுக்குடல் சுத்தமாக இருந்து ஈரலில் மட்டும் கட்டி என்றால் வேறு பக்கம் யோசிக்க வேண்டும்.

அடுத்து நாமக்கல் நண்பருக்கு. முட்டைக்கோழியில் நீங்கள் பார்த்ததெல்லாம் சரி. வான்கோழியில் மாரெக் அப்படி வருவதில்லை. நரம்புத் தடிப்பு பெரும்பாலும் இருக்காது, முடக்கம் இருந்தாலும் லேசாகத்தான். ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், விதைப்பை அல்லது சூல்பை ஆகியவற்றில் கட்டியாகவே வெளிப்படும். நம்மூரில் வான்கோழிக்கு மாரெக் வராது என்ற பேச்சு வெகுநாளாக ஓடுகிறது. பிரான்ஸ், ஜெர்மனி, இஸ்ரேல் நாடுகளின் வான்கோழிப் பண்ணைகளில் மாரெக் வந்து பெரிய சாவு நடந்திருக்கிறது. அதுவும் இரண்டு மாதத்திலிருந்து நாலரை மாதத்துக்குள். தோப்புக்காரர் சொல்லும் வயது அதற்குள் விழுகிறது.

தடுப்பூசி விஷயத்தில் குழம்ப வேண்டாம். வான்கோழியின் உடம்பில் சாதாரணமாக இருக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒன்று உண்டு, சுருக்கமாக எச்.வி.டி. அது யாருக்கும் கட்டி உண்டாக்காது. அதைக் கோழிக்குஞ்சுக்குப் போட்டால் மாரெக் கட்டி வராமல் தடுக்கிறது. மாரெக் உண்டாக்கும் வைரஸ் அதற்கு உறவு, ஆனால் வேறு. எச்.வி.டி. உடம்பில் இருப்பதால் மட்டும் வான்கோழி தப்பித்துவிடாது.

தோப்புக்காரரே, எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். குருட்டுக்குடல் எப்படி இருந்தது? கட்டியைக் குறுக்கே வெட்டினால் உள்ளே என்ன? தோப்பில் நாட்டுக்கோழி உண்டா?

குறுவைக்காரி:

இன்னொன்றும் கேளுங்கள் டாக்டர், தீவனம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். கோழி தாங்கும் அளவை வான்கோழி தாங்காது, வாத்து இன்னும் தாங்காது. எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஐப்பசி மழையில் ஈரம் பட்ட பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறார்கள். காய வைத்தால் பூஞ்சை சாகலாம், நஞ்சு போகாது.

தோப்புக்காரன்:

டாக்டர் சார், இன்று காலையில் ஒன்று செத்தது, உடனே திறந்து பார்த்தோம். குருட்டுக்குடல் இரண்டும் சாதாரணமாகத்தான் இருந்தன. கட்டியை வெட்டினால் உள்ளே சீழ் இல்லை, மணலும் இல்லை. வழவழப்பாக, ஒரே மாதிரி வெளுத்த சதை. கத்தி தடையில்லாமல் போனது. சிறுநீரகத்திலும் அதே மாதிரி. தொடை நரம்பை இரண்டு பக்கமும் பார்த்தோம், தடிப்பு இல்லை.

நாட்டுக்கோழி உண்டு. அப்பாயியுடையவை. ராத்திரி வான்கோழிக் கொட்டகையின் மூங்கில் மேல்தான் ஏறி அடையும்.

அக்கா, கடலைப் பிண்ணாக்கு போடுகிறோம். ஆனால் அரைத்து வாங்கியது புதிது. நெடி எதுவும் இல்லை.

ஓய்வு_கால்நடை:

நல்ல விவரம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவோம்.

அஃப்ளடாக்சினில் ஈரல் வெளுக்கும், மஞ்சளிக்கும், ரத்தம் கசியும். இப்படித் தனித்தனிச் சதைக்கட்டி மூன்றரை மாதக் கோழிக்கு அதனால் வராது. ஆனால் குறுவைக்காரி அம்மா சொன்னது வீண் போகவில்லை. அந்த நஞ்சு எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும். வைரஸுக்குக் கதவு திறந்துவிடும். நெடி இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது, பிண்ணாக்கு மாதிரி ஒன்றையும் அனுப்புங்கள்.

பறவைக் காசநோய் பெரும்பாலும் வயதான கோழியில் வரும். கோழி மெலிந்து நெஞ்செலும்பு துருத்தும். கட்டி உறுதியாக இருக்கும், வெட்டினால் நடுவில் காய்ந்த மஞ்சள் பொருள் தெரியும். குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. ஆனாலும் ஆய்வகத்தில் ஒரு சாயப்பரிசோதனை போட்டுப் பார்த்துவிட்டால் முடிந்தது. செலவு குறைவு.

மிஞ்சுவது கட்டி உண்டாக்கும் வைரஸ்கள். வான்கோழியில் மூன்றை முக்கியமாகச் சொல்லலாம். ஒன்று மாரெக். இரண்டாவது ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ், ஆர்.இ.வி. என்பார்கள். 1958-ல் அமெரிக்காவில் வான்கோழியிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். நாலு, ஐந்து மாத வயதில் ஈரல் பலமடங்கு பெருக்கும், குடலிலும் கட்டி வரும். மூன்றாவது எல்.பி.டி.வி., வான்கோழிக்கென்றே உள்ள நிணநீர்ப் பெருக்க நோய் வைரஸ். இங்கிலாந்தில் 1970-களில் கண்டது. அதில் மண்ணீரல் அசாதாரணமாகப் பெருத்து, வெளிறிய ரோஜா நிறத்தில் பளிங்குக் கோடு ஓடியிருக்கும். அந்த வைரஸை ஆய்வகத்தில் செல்லில் வளர்க்க முடிவதில்லை. மரபணுப் பரிசோதனையில்தான் பிடிக்க வேண்டும்.

இந்த மூன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது. நானும் எத்தனையோ கோழிகளைத் திறந்திருக்கிறேன். ஈரலைப் பார்த்து இது மாரெக், இது ஆர்.இ.வி. என்று பெயர் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். எனவே மருந்து கேட்பதை நிறுத்துங்கள். வைரஸ் கட்டி என்றால் மருந்தே கிடையாது. இப்போது வேண்டியது மாதிரி.

லேயர்_நாமக்கல்:

சரி டாக்டர், நரம்பு விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஒரு சந்தேகம். பி.சி.ஆர். என்ற மரபணுப் பரிசோதனை பண்ணினால் போதாதா? எதற்குத் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, கண்ணாடித்தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

ஓய்வு_கால்நடை:

பி.சி.ஆர். மட்டும் போதாது, காரணம் உங்கள் பண்ணையிலேயே இருக்கிறது. ஆரோக்கியமான முட்டைக்கோழியின் இறகை எடுத்துப் பரிசோதித்தாலும் மாரெக் வைரஸ் தெரியக்கூடும். தடுப்பூசி கட்டியைத் தடுக்கும், வைரஸ் தொற்றைத் தடுக்காது. வைரஸ் உடம்பில் இருப்பது ஒன்று, அந்தக் கட்டிக்கு அதுதான் காரணம் என்பது இன்னொன்று. கட்டித் திசுவில் எவ்வளவு வைரஸ் என்று அளந்து பார்க்க வேண்டும், கூடவே திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மாரெக் கட்டியில் சின்னதும் பெரியதுமாகப் பல அளவு நிணநீர் செல்கள் கலந்து கிடக்கும். ஒரே அளவில் ஒரே மாதிரி பெரிய செல்களாக இருந்தால் ஆர்.இ.வி. அல்லது லியூக்கோசிஸ் (கோழிக்குக் கட்டி தரும் இன்னொரு வைரஸ் நோய்) பக்கம் யோசிப்போம். இரண்டு சாட்சியும் ஒன்றையே சொன்னால்தான் தீர்ப்பு.

தோப்புக்காரரே, மாதிரி எடுப்பதைக் கவனமாகக் கேளுங்கள். பாதிப் பரிசோதனைகள் இங்கேதான் கெடுகின்றன.

செத்துக் கிடப்பதை எடுக்காதீர்கள். நம் வெயிலில் விடியற்காலை செத்தது பத்து மணிக்கெல்லாம் உள்ளே பச்சை பாய்ந்துவிடும். அந்த ஈரலில் எதுவும் தெரியாது. நோய்வாய்ப்பட்டு நிற்கும் இரண்டு மூன்றை உயிரோடு கூண்டில் ஏற்றி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நேராகக் கொண்டுபோவது எல்லாவற்றிலும் நல்லது. உங்களுக்குப் பக்கம்தான். போவதற்கு முன் போன் செய்துவிட்டுப் போங்கள்.

அது முடியாவிட்டால் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு கடை ஃபார்மலின், ஒன்பது பங்கு தண்ணீர். திசு அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகக்கூடாது. முழு ஈரலை அப்படியே முக்கினால் வெளியே வெந்து உள்ளே அழுகும். கட்டியும் பக்கத்து நல்ல திசுவும் சேர்ந்து வருகிற மாதிரி ஓரத்தில் வெட்ட வேண்டும். திசுவைப்போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். பாட்டில் வாய் அகலமாக இருக்கட்டும். குறுகலான வாயுள்ள பாட்டிலில் போகும்போது திசு வழுக்கிக்கொண்டு போய்விடும், ஃபார்மலினில் விறைத்த பிறகு வெளியே வராது. ஆய்வகத்தில் பாட்டிலை உடைத்து எடுத்த கதையெல்லாம் உண்டு. ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், கழுத்தில் இருக்கும் தைமஸ், ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் பர்சா, தொடை நரம்பு எல்லாம் வேண்டும். நரம்பு தடிக்காவிட்டாலும் வேண்டும்.

பி.சி.ஆருக்கான துண்டு தனி. ஃபார்மலின் படவே கூடாது. சுத்தமான சின்ன டப்பாவில் போட்டு ஐஸில். ஃபார்மலின் பாட்டிலை ஐஸில் வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கவும் வேண்டாம். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

மல்லிப்பட்டினம்_வலை:

தெர்மாகோல் பெட்டி வேண்டும் என்றால் துறைமுகத்தில் மீன் பெட்டி கிடைக்கும். கழுவி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆய்வகத்தில் வான்கோழிக்குச் சுறா நோய் என்று எழுதிவிடுவார்கள்.

வரப்புமேடு:

இவ்வளவு பாடு எதற்கு? மருந்து இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். நன்றாக இருக்கிற கோழிகளைத் தீபாவளிக்கு முன் சந்தையில் தள்ளிவிடுங்கள். கறி தின்றவனுக்கு ஒன்றும் ஆகாது அல்லவா?

குறுவைக்காரி:

உயிரோடு சந்தைக்குப் போகும் கோழி எல்லாம் சட்டிக்குப் போவதில்லை. பாதியை வளர்க்கத்தான் வாங்குகிறார்கள். இந்தத் தோப்பில் தொடங்கியது நாளைக்கு ஊர் ஊராகப் போகும். உங்களுக்கு யாராவது அப்படித் தள்ளிவிட்டுப் போயிருந்தால் இங்கே வந்து என்ன எழுதுவீர்கள்?

ஓய்வு_கால்நடை:

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த வைரஸ்கள் மனிதனுக்கு நோய் தருவதில்லை, பயம் வேண்டாம். ஆனால் கட்டி உள்ள கோழியைக் கறியாக்கக் கூடாது. அது எந்தக் கட்டி என்று இன்னும் முடிவாகவில்லை, காசநோய் முழுசாக விலகவும் இல்லை. உயிரோடு வெளியே விற்பது கூடவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, இழையைப் படிக்கும் எல்லாருக்கும். இங்கே ஒன்றிரண்டாகச் செத்தது. உங்கள் கொட்டகையில் ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால், தலை வீங்கி நீலம் பாய்ந்தால், கத்தியை எடுக்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கோழியைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

கூடு_கட்டி:

அம்மைத் தடுப்பூசி போட்டீர்களா தோப்புக்காரரே? அம்மை வைரஸுக்குள் ஆர்.இ.வி. ஒளிந்திருக்கும் என்று படித்தேன். ஊசிதான் காரணமாக இருக்கும். அதனால்தான் நான் எந்த ஊசியும் போடுவதில்லை.

ஓய்வு_கால்நடை:

பாதி உண்மை. வெளியில் பரவும் கோழி அம்மை வைரஸ்கள் பலவற்றின் மரபணுவுக்குள் ஆர்.இ.வி. முழுசாகவே செருகிக்கொண்டிருக்கிறது. சில நாடுகளில் ஆர்.இ.வி. கலந்துவிட்ட அம்மைத் தடுப்பூசியால் சிக்கல் வந்ததும் உண்மை. அதனால் தயாரிக்கும் இடத்தில் சோதனை கடுமையாக வேண்டும். ஊசியே வேண்டாம் என்பது அதிலிருந்து வரவில்லை. அம்மை வந்தால் வான்கோழிக்கு வாயும் கண்ணும் அடைத்துப் பட்டினியில் சாகும். கொசு மிகுந்த நம் வயற்காட்டில் அம்மை எப்படியும் வரும். கொசு ஆர்.இ.வி.யையும் கடத்தும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கொட்டகைக்கு வலை போடுங்கள்.

தோப்புக்காரன்:

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடவு வேலை. கல்லூரிக்கு உயிரோடு கொண்டுபோனோம், அங்கேயே திறந்தார்கள். நுண்ணோக்கி முடிவு முதலில் வந்தது. சாயப்பரிசோதனையில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் மூன்றிலும் பல அளவு நிணநீர் செல்கள் குவிந்த கட்டி. நரம்பில் ஒன்றும் இல்லை. இன்று பி.சி.ஆர். வந்தது. மாரெக் வைரஸ் முதல் வகை உண்டு, கட்டியில் அளவு அதிகம். ஆர்.இ.வி. இல்லை, எல்.பி.டி.வி. இல்லை. கடைசி வரியில் எச்.வி.டி. உண்டு என்றும் போட்டிருக்கிறது. இரண்டு வைரஸா சார்? அதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டார்கள்.

லேயர்_நாமக்கல்:

மாரெக்தான் போலிருக்கிறது. டாக்டர் சொன்ன மாதிரியே நரம்பில் ஒன்றும் இல்லை. இதை எங்கள் சங்கத்துக் குழுவிலும் போடுகிறேன்.

ஓய்வு_கால்நடை:

கடைசி வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வான்கோழியில் எச்.வி.டி. இருப்பது இயல்பு. இல்லை என்று வந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். பழைய பரிசோதனை முறைகள் சிலவற்றில் இதையும் மாரெக்கையும் பிரிக்க முடியாமல் தவறான முடிவு வந்துவிடும். உங்களுக்குத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல வேலை. செல்களின் தோற்றம், கட்டியில் வைரஸ் அளவு, வயது, பக்கத்தில் நாட்டுக்கோழி, நாலும் ஒரே பக்கம் நிற்கின்றன. மாரெக் என்று எழுதிக்கொள்ளலாம்.

எங்கிருந்து வந்தது என்றால், மூங்கில் மேல் அடையும் கோழிகளைத்தான் முதலில் பார்ப்பேன். கோழியின் இறகுக் குழியிலிருந்து உதிரும் பொடியில் இந்த வைரஸ் வெளியே வருகிறது. நாட்டுக்கோழி நோயில்லாமல் சுமந்துகொண்டு திரியும். அந்தப் பொடி நேராகக் கீழே தூங்கும் வான்கோழி மேல் விழுகிறது, மூச்சில் போகிறது. பொடியிலும் உமிக்கூளத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த உமியை வாரி அடுத்த கொட்டகைப் பக்கம் எருவாகப் போட்டால் கதை முடிந்தது.

கூடு_கட்டி:

இனிமேலாவது ஊசி போடலாமா?

ஓய்வு_கால்நடை:

இந்தக் கூட்டத்துக்குப் பயனில்லை. மாரெக் ஊசி, தொற்றுவதற்கு முன்னால், குஞ்சு பொரித்த அன்றே போட வேண்டியது. எச்.வி.டி. ஊசி வான்கோழியைச் சரியாகக் காப்பதில்லை. சில நாடுகளில் ரிஸ்பென்ஸ் என்ற வேறு ஊசியை வான்கோழிக் குஞ்சுக்குப் போடுகிறார்கள். அதை மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்திருக்க வேண்டும், உருக்கினால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். அது குஞ்சுப் பொரிப்பகத்தின் வேலை, தோப்பின் வேலை இல்லை. அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

தோப்புக்காரன்:

அப்படியானால் இருப்பவற்றை என்ன செய்வது?

ஓய்வு_கால்நடை:

பின்தங்குவதை உடனே பிரித்து, கால்நடை மருத்துவரைக் கொண்டு அப்புறப்படுத்துங்கள். செத்ததை வாய்க்கால் ஓரம் புதைக்காதீர்கள். டெல்டாவில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். மேட்டில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், அல்லது எரியுங்கள். நன்றாக இருப்பவற்றை எடை பிடித்ததும் நீங்களே அறுத்து, உள்ளுறுப்பைப் பார்த்து, கட்டி இல்லாததை மட்டும் கறியாகக் கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம் உமி முழுவதையும் வாரி, கொட்டகையைக் கழுவி, கிருமிநாசினி அடித்து, வெறுமையாகப் போடுங்கள். புதுக் குஞ்சு வருவதற்குள் நாட்டுக்கோழிகள் தோப்பின் மறுகோடிக்குப் போயிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் கவனிப்பதாக இருந்தால் முதலில் வான்கோழி, அப்புறம் கோழி. திரும்பி வரக்கூடாது.

தோப்புக்காரன்:

மற்றதெல்லாம் செய்துவிடலாம் சார். அப்பாயியிடம் கோழியை நகர்த்தச் சொன்னேன். “நான் இருக்கிற வரைக்கும் என் கோழி இங்கதான் அடையும், உன் வான்கோழிய வேணா எங்கயாவது கொண்டுபோய் வை” என்கிறார். ஆலோசனை சொல்லுங்கள்.

குறுவைக்காரி:

சம்பா அறுக்கும் வரை வான்கோழியே வேண்டாம் தம்பி. தை பிறந்ததும் கொட்டகையைத் தோப்பின் மேற்குக் கோடியில் புதிதாகப் போடுங்கள், பழைய மூங்கிலில் ஒன்றைக்கூட அங்கே கொண்டுபோகாதீர்கள். இடம் மாற வேண்டியது நீங்கள்தான். அப்பாயி நகர மாட்டார்.